குப்பைமேட்டுச் சுரையும் மொட்டைமாடிப் பாகலும்

இந்தப் பதிவு சென்னையில மாடித்தோட்டம் போட்டிருக்கற உங்களுக்காக. சுத்தி வளைக்காம விஷயத்தைச் சொல்லிடறேன். உங்க கொடி காய்க்காததுக்கு உரத்தைக் குறை சொல்றீங்க, விதையைக் குறை சொல்றீங்க, தேனீ வரலைன்னு சொல்றீங்க. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனா நான் பார்த்த வரைக்கும் முக்கியமான காரணம் ஒண்ணுதான். நீங்க கொடியை வெட்ட மாட்டேங்கறீங்க.

தரமணியில எங்க சொந்தக்காரப் பிள்ளைங்க வீடு மூணு நாலு இருக்கு. டைடல் பார்க் வந்த பிற்பாடு அந்தப் பக்கம் வேலைக்குப் போய் அங்கயே குடித்தனம் வச்சவங்க. நான் போனா காப்பி குடிக்கறதுக்கு முன்னாடியே மாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. போய்ப் பார்த்தா பாகலும் பீர்க்கும் தண்ணித் தொட்டி மேல ஏறி, துணி காயப்போடற கம்பியில ஏறி, பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவையும் பிடிச்சிருக்கும். உள்ள கையை விட்டா பழுத்த இலை, காய்ஞ்ச இலை, மாவுப்பூச்சி. காய் எங்கன்னு தேடினா விரல் நீளத்துக்கு ரெண்டு. "எவ்வளவு பச்சப்பசேல்னு இருக்கு பாருங்க பெரியப்பா" அப்படின்னு ஒரு பெருமை வேற. பாதியை அறுத்து எறியலாமேன்னு சொன்னா முகம் சுருங்கிப்போகுது. உசுருள்ள செடியாச்சே, பாவம்ங்கறாங்க.

அந்த எரக்கத்தை நான் கேலி பண்ணல. முல்லைக்கொடிக்குத் தேரையே விட்டுட்டு நடந்து போன பாரியை வள்ளல்னு கொண்டாடற ஊரு நம்மளது. கொடின்னா நமக்கு மனசு இளகத்தான் செய்யும். ஆனா ஒரு விவசாயியா நான் கேக்கறது இதுதான். தேர் கிடைச்ச கொடிக்கு மறுநாள்ல இருந்து என்ன வேணும்? ஏற ஒரு கொம்பு கொடுத்தாச்சு. அதோட நம்ம வேலை முடிஞ்சிருச்சா?

உடனே ஒரு கேள்வி வரும், எனக்கே பல பேர் கேட்டிருக்காங்க. "கிராமத்துல குப்பைமேட்டுல தானா முளைச்ச சுரை, யாரும் தொடாமலே கூரை மேல பத்து இருபது காய் காய்க்குதே, அதுக்கு யார் கவாத்து பண்ணினா?" நியாயமான கேள்வி. பதில் குப்பைமேட்டுக்குள்ளயே இருக்கு. வருஷக்கணக்கா கொட்டின சாணி, சாம்பல், மட்கின இலை எல்லாம் அங்கதான் கிடக்கு. வேர் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் வேணா ஓடலாம். பக்கத்துலயே தொட்டித் தண்ணி வழியும். அந்த வேருக்கு அந்தக் கொடி பாரமே இல்ல. கொடிக்குக் காய் பாரமான்னு ஒரு பழமொழி சொல்வாங்களே, அது அந்தச் சுரைக்குச் சரி.

உங்க பாகல் நிக்கறது ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள பையில. அதுலயும் பாதிக்கு மேல தென்னை நார்க்கழிவு. ஏப்ரல் மாசத்துல மாடித் தளம் தோசைக்கல்லு மாதிரி கொதிக்கும்போது அந்த மண்ணும் சேர்ந்து கொதிக்கும். அந்த வேரால இவ்வளவுதான் தண்ணி உறிஞ்ச முடியும், இவ்வளவுதான் சத்து எடுக்க முடியும்னு ஒரு அளவு இருக்கு. அதை வச்சு எத்தனை கிளையைக் காப்பாத்தறதுங்கறதுதான் கணக்கு. இருபது கிளையை விட்டா இருபதும் அரை வயிறு. அஞ்சு கிளையை விட்டா அஞ்சும் காய்க்கும். இதுல பாவ புண்ணியம் எங்க வருது? நாலு பிள்ளைக்கு ஆக்கின சோத்தை நாப்பது பேருக்குப் பரிமாறினா யாருக்கும் நிறையாது.

வளர்த்தி வேற, விளைச்சல் வேற. இந்த ஒரு வரியைப் புரிஞ்சுக்கறதுக்கு தரமணியை விடப் பொருத்தமான ஊர் இல்ல. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கதான் இருக்கு. 1987-ல் முதல் உலக உணவுப் பரிசு அவருக்குக் கிடைச்சப்போ அந்தப் பணத்தை வச்சு 1988-ல் தொடங்கினது. 1960-கள்ல அவரும் நார்மன் போர்லாக்கும் சேர்ந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தது குட்டைக் கோதுமை. அதுக்கு முன்னாடி இருந்த நெட்டை ரகங்களுக்கு உரம் போட்டா தாள்தான் உசரும், கதிர் கனம் தாங்காம சாய்ஞ்சிரும். குட்டை ரகம் தாளைக் குறைச்சது, சத்து மணிக்குப் போச்சு. நெல்லுலயும் அதேதான், ஐ.ஆர்.8 வந்தது 1966-ல். பசுமைப் புரட்சியால வந்த நல்லது கெட்டதைப் பத்தி எனக்கும் ஆயிரம் வருத்தம் உண்டு, அது இன்னொரு பதிவு. ஆனா செடியோட சத்து எங்க போகணும்னு மனுஷன் முடிவு பண்ணலாம்ங்கற அடிப்படை தப்பில்ல. அவங்க விதைக்குள்ள செஞ்சதை நாம நகத்தால கிள்ளிச் செய்யறோம், அவ்வளவுதான்.

எப்படிச் செய்யறதுன்னு சுருக்கமா சொல்றேன். பாகல், புடலை, பீர்க்கு மூணுக்கும் பந்தல் ஆள் மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, ஆறு அடி இருந்தாப் போதும். விதை முளைச்சுக் கொடி வீசினதும் ஒரு சணல் கயிறு கட்டி ஒத்தைத் தண்டா மேல ஏத்துங்க. பந்தல் எட்டற வரைக்கும் கணுவுல வர்ற பக்கத் தளிர் எல்லாத்தையும் கிள்ளிடணும். சின்னதா இருக்கும்போதே கிள்ளினா கத்தி வேண்டாம், நகம் போதும். பந்தல் மேல வந்ததும் நுனிக் கொழுந்தை ஒடிச்சிடுங்க. இந்த இடத்துலதான் உங்களுக்குக் கை நடுங்கும், தெரியும். நுனி இருக்கற வரைக்கும் அது பக்கக் கண்ணை அடக்கி வச்சிருக்கும். அது போனதும் நாலஞ்சு கிளை வீசும். அந்தக் கிளைகளை ஒண்ணு மேல ஒண்ணு ஏற விடாம நாலு திசைக்கும் பரப்பிவிடுங்க. தாய்த்தண்டுல மொதல்ல வர்றதெல்லாம் பெரும்பாலும் ஆண் பூ. சுரை, பாகல் மாதிரிக் கொடிகள்ல பெண் பூ அதிகம் வர்றது பக்கக் கிளையிலதான். பூ பூத்துக் கொட்டுது, காயே பிடிக்கலைன்னு நீங்க புலம்பறதுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

இதையேதான் இப்ப வீடியோவுல 3ஜி கட்டிங்னு பேர் வச்சுச் சொல்றாங்க. தாய், மகள், பேத்தின்னு மூணு தலைமுறைக் கிளை. விஷயம் சரி. ஆனா தேதி பார்த்து, இலை எண்ணி, எல்லாக் கொடிக்கும் ஒரே மாதிரி வெட்டறது சரியில்ல. சோகையா நிக்கற கொடியில போய் ரெண்டு தடவை நுனியை ஒடிச்சா அது எழுந்திரிக்கவே பத்து பதினஞ்சு நாள் ஆகும். மொதல்ல கொடிக்குத் தெம்பு இருக்கான்னு பாருங்க. தண்டு பென்சில் கனம் இருக்கா, இலை உள்ளங்கை அகலம் இருக்கா, கணுவுக்குக் கணு நெருக்கமா இருக்கா. இருந்தா கிள்ளுங்க. இல்லைன்னா ஒரு வாரம் உரம் தண்ணி கொடுத்துக் காத்திருங்க.

இன்னும் ரெண்டு மூணு சின்ன விஷயம். அடியில பழுத்த இலையை எடுத்துடுங்க, காத்து நுழையட்டும். காயை முத்த விடாதீங்க. ஒரு காய் கொடியிலேயே பழுத்துட்டா, விதை ஆயிருச்சு, வந்த வேலை முடிஞ்சுதுன்னு கொடி ஓய்ஞ்சிடும். இலை தேமல் தேமலா சுருண்ட கொடியை வெட்டின கத்தியைக் கழுவாம அடுத்த கொடியில வைக்காதீங்க. கட்டறதுக்கு நைலான் வேண்டாம், தண்டு பருக்கப் பருக்க அறுத்துடும். வாழைநார் இல்லைன்னா பழைய பருத்தி வேட்டிக் கிழிசல். எட்டு மாதிரி முறுக்கி, ஒரு வளையம் கம்பத்துக்கு, ஒரு வளையம் கொடிக்கு, உள்ள சுண்டுவிரல் நுழையற அளவுக்குத் தளர்வாக் கட்டுங்க.

கொடி எதை வச்சுப் பிடிக்குதுன்னும் பார்க்கணும். பாகல், புடலை எல்லாம் சுருள் கம்பியால பிடிக்கும், அதுக்கு மெல்லிய கயிறோ கம்பியோதான் வேணும். தடிக் குழாயை நட்டு வச்சா பிடிக்கத் தெரியாம முழிக்கும். பீன்ஸ் மாதிரிக் கொடி தன் உடம்பாலயே சுத்தி ஏறும், மேல இருந்து பார்த்தா கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா. நீங்க மாத்திச் சுத்தினா ரெண்டு நாள்ல தன்னை அவிழ்த்துக்கும். வெத்தலை கணுவுல வேர் விட்டு ஒட்டும், அதுக்குச் சொரசொரப்பான மரம் வேணும். எல்லாக் கொடிக்கும் ஒரே பச்சை வலையை வாங்கி மாட்டறது உங்க வசதிக்கு. கொடிக்கு அது வசதியான்னு யாரும் கேக்கறதில்ல.

தரமணியில ஒரு தம்பி, ஹாப்ஸ் கொடி வளர்க்க முடியுமான்னு கேட்டாரு. பீருக்குக் கசப்பும் வாசனையும் கொடுக்கற கொடி. நானும் விசாரிச்சேன். ஜெர்மனியில ஹல்லர்டாவ்ங்கற பகுதியில ஏக்கர் கணக்குல போடறாங்க. ஏழு மீட்டர் உசரத்துக்குக் கம்பி கட்டி, ஒவ்வொரு கம்பிக்கும் ரெண்டு மூணு தண்டை மட்டும் தேர்ந்தெடுத்து ஏத்திட்டு, மண்ணுல இருந்து கிளம்பற மத்த முளையெல்லாத்தையும் வெட்டி எறியறாங்க. அடி இலையையும் உருவி விட்டுடறாங்க. ஆக, வெட்டறதுல அவங்களும் நம்ம கட்சிதான். ஆனா அந்தக் கொடிக்குப் பனிக்காலத்துல ஒரு உறக்கமும், கோடையில நீண்ட பகலும் வேணும். நம்ம நாட்டுல இமயமலையில லாஹௌல் பக்கம் விளைஞ்சிருக்கு. சென்னையில வருஷத்துலயே நீளமான பகல் பதிமூணு மணி நேரம்கூட வராது. வேண்டாம் தம்பி, தண்ணித் தொட்டி நிழல்ல ஒரு வெத்தலைக்கொடி வைங்கன்னு சொல்லிட்டேன்.

அவர் கேட்டதுல எனக்கு ஒரு யோசனை வந்தது. குளிர் நாட்டுல கொடி தானா இலை உதிர்த்துத் தூங்கும், வசந்தத்துல தானா எழுந்திரிக்கும். நம்ம ஊர்ல அந்தக் குளிர் கிடையாது. அதனால அங்க பனி செய்யற வேலையை இங்க கத்தி செய்யுது. கம்பம் பள்ளத்தாக்குல பன்னீர் திராட்சைப் பந்தலைக் கவாத்து முடிஞ்ச மறுநாள் போய்ப் பாருங்க. ஒரு இலை இருக்காது, செத்துப்போன மாதிரி குச்சி குச்சியாத் தொங்கும். ஏறக்குறைய நாலு மாசத்துல அதே குச்சியில கருங்கொத்து தொங்கும். வருஷத்துக்கு ரெண்டு தடவை, தோட்டத்துக்குத் தோட்டம் மாசம் மாத்தி வெட்டறதாலதான் அங்க ஏதாவது ஒரு தோட்டத்துல எப்பவும் பழம் இருக்கு. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின பழம் அது. அந்தப் பேரு வெட்டின கைக்கும் சேர்த்துத்தான்.

மல்லியும் அப்படித்தான். குண்டுமல்லி புதுத் துளிர்லதான் மொட்டு வைக்கும். நவம்பர் கடைசியில தண்ணியை நிறுத்தி, தரையில இருந்து ஒண்ணரை அடி விட்டு மேல எல்லாத்தையும் வெட்டி, தொழுவுரம் போட்டுத் தண்ணி விட்டா மார்ச்சுல இருந்து பூ. 2013-ல் குறியீடு வாங்கின மதுரை மல்லி தோட்டத்துலயும் இதுதான் நடக்குது. உங்க தொட்டி மல்லி நாலு வருஷமா இலையா நிக்குதுன்னா அதைக் கடைசியா எப்ப வெட்டினீங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

எதுவும் செய்யாம விடறதுதான் இயற்கை விவசாயம்னு சில பேர் நினைக்கறாங்க. அவங்க ரொம்ப மதிக்கற மசானபு ஃபுகோகாவே, அப்பாவோட ஆரஞ்சுத் தோட்டத்தைக் கவாத்து பண்ணாம இயற்கையா விட்டுப் பார்த்தவர்தான். கிளை கிளையோட பின்னி, பூச்சி அடிச்சு மரங்கள் செத்துப்போச்சுன்னு அவரே எழுதியிருக்கார். மனுஷன் ஏற்கெனவே கை வச்ச மரத்தைத் திடீர்னு கைவிடறது இயற்கை இல்ல, அது கைகழுவறதுன்னு அவருக்குப் புரிஞ்சது. ஒரு கொடியைத் தரையில இருந்து எடுத்து மூணாவது மாடியில, ஒரு பைக்குள்ள வச்ச அன்னிக்கே நீங்க கை வச்சாச்சு. இனிமே விலகி நிக்கறது கருணை ஆகாது.

சென்னைக்காரங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. காத்து. 2016 டிசம்பர் 12, வர்தா புயல்ல உங்க ஊர்ல எத்தனை மரம் விழுந்துச்சுன்னு நீங்களே பார்த்தீங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ வேளச்சேரி, பெருங்குடிப் பக்கமெல்லாம் நாள்கணக்கா தண்ணி. மாடியில அடர்ந்து நிக்கற கொடிப்பந்தல் புயல்ல பாய்மரம் மாதிரி. இலை காத்தைப் பிடிக்கும், கயிறு அறுக்கும், கம்பியும் தொட்டியும் கீழ தெருவுல போறவன் தலையில விழும். மழைக்காலம் வரும்போது முத்தின கொடியை அறுத்துப் பந்தலைக் காலி பண்ணுங்க. புயல் மாசமும் மல்லி வெட்டற மாசமும் ஒண்ணாவே வருது. அந்த ஒரு வாரத்தைக் கத்திக்குன்னு ஒதுக்கி வைங்க.

இவ்வளவும் சொல்றது நாலு பாகக்காய்க்காக மட்டும் இல்ல. இந்தக் கைவேலை தெரிஞ்சவங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. சோழவந்தான் பக்கம் வெத்தலைக் கொடிக்கால்ல ஒரு நாள் நின்னு பாருங்க. அகத்தி நட்டு நிழலும் கொம்பும் ஒண்ணா ஆக்கி, பதினஞ்சு இருபது நாளைக்கு ஒருக்கா ஒவ்வொரு கொடியையும் கோரையாலயோ வாழைநாராலயோ கட்டிக்கிட்டே வரணும். உச்சி எட்டினதும் கொடி இறக்கணும். கட்டை அவிழ்த்து, இலை பறிச்ச மொட்டைத் தண்டைச் சுருட்டிப் பாத்தியில படுக்க வச்சு மண் அணைச்சு, நுனியை மட்டும் திரும்பவும் கொம்புல கட்டணும். புதைஞ்ச கணுவெல்லாம் வேர் பிடிக்கும், கிழக்கொடி மறுபடி இளங்கொடி ஆகும். அந்தத் தண்டு ஒடியாமச் சுருட்டறதுக்கு விரல்ல ஒரு பதம் வேணும். அதை எந்த வீடியோவும் சொல்லித் தராது. திருவாரூர்ல கொடிக்கால்பாளையம்னு ஒரு ஊரே இருக்கு, அந்த அளவுக்கு நம்ம வாழ்க்கையில கலந்த தொழில். இப்ப கொடிக்கால்ல வேலை செய்யறவங்களைப் பாருங்க, பெரும்பாலும் என் வயசு, இல்லைன்னா என்னை விடப் பெரியவங்க. அவங்க பிள்ளைங்க வர மாட்டேங்குது. நான் குத்தம் சொல்ல மாட்டேன், கூலியும் மரியாதையும் அப்படி இருக்கு.

எங்க பக்கத்துல பந்தல் காய்கறி போடறவங்க கிட்டயும் இதே கதைதான். கொடி கட்டறதும் கிள்ளறதும் பெண்கள் வேலை. நாள் முழுக்கக் கையைத் தூக்கி, கழுத்தை அண்ணாந்து செய்யற வேலை. எந்தத் தளிர் காய்க்கும், எது வெத்துன்னு நடந்துகிட்டே பார்த்துக் கிள்ளுவாங்க, நின்னு யோசிக்கறதே இல்ல. சம்பளச் சீட்டுல அதுக்குப் பேரு களை எடுக்கற கூலிதான். வேற படிப்பு, வேற பேரு கிடையாது.

அதனால என் யோசனை இது. தோட்டக்கலைத் துறை பல வருஷமா மானிய விலையில மாடித்தோட்டக் கிட் கொடுக்குது. பை, நார்க்கழிவு, விதை, உரம் எல்லாம் இருக்கு, நல்ல திட்டம். ஆனா விதைக்கறதோட சரி, நாப்பதாவது நாள்ல இருந்து என்ன செய்யறதுன்னு சொல்ல ஆள் இல்ல. கிட்டோட கூட, கொடி வீசற சமயத்துல ஒரு நாள் நேர்ல பயிற்சி வையுங்க. சொல்லித் தர்றதுக்குப் பந்தல் வேலை பார்க்கற பெண்களைக் கூப்பிடுங்க. களைக் கூலி இல்ல, வாத்தியார் சம்பளம் கொடுங்க. தரமணியில ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கு, கல்லூரிகளும் இருக்கு, மொட்டைமாடிக்கும் குறைச்சல் இல்ல. பஸ் செலவு கொடுத்தா மதுராந்தகத்துல இருந்து காலையில கிளம்பி வந்து சாயங்காலம் திரும்பிடுவாங்க. அடுக்குமாடிச் சங்கங்களே சேர்ந்து செய்யலாம், அரசாங்கத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்ல. ஒரு வீட்டுக்கு ஒரு சினிமா டிக்கெட் காசுகூட ஆகாது.

அப்படி ஒரு நாள் பக்கத்துல நின்னு கத்துக்கிட்டா உங்க பாகல் காய்க்கும், அது நிச்சயம். அதை விட, மார்க்கெட்டுல பீர்க்கங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அஞ்சு ரூபா குறைக்கச் சொல்றப்போ, அந்த ஒரு காய்க்காக எத்தனை தளிரை ஒருத்தி அண்ணாந்து பார்த்துக் கிள்ளினான்னு உங்க கழுத்துக்குத் தெரியும். எனக்கு அது போதும்.

அது வரைக்கும், இந்த ஞாயித்துக்கிழமை வெயில் தாழ்ந்த பிற்பாடு மாடிக்குப் போங்க. பந்தல் எட்டின கொடியா ஒண்ணைப் பார்த்து நுனியைக் கிள்ளுங்க. கிள்ளின கொழுந்தைத் தூக்கிப் போட வேண்டாம். பாகல் கொழுந்தைச் சின்ன வெங்காயத்தோட வதக்கினா ரசஞ் சோத்துக்கு நல்லா இருக்கும்.